மதினியின் ஃபோல்டரும் சில கதவடைப்புகளும்

ஒரு வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர் இருந்தால், ஒன்று மற்றொன்றைப் பார்த்து ‘நீ யாரென்றே எனக்குத் தெரியாது’ என்று சொல்லும் நாள் கட்டாயம் வரும். அந்த நாளை நம்பித்தான் என் பிழைப்பு.

எனக்கு இழைக்கப்பட்ட அநியாயங்களை முதலில் வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறேன். துண்டறிக்கை வாசித்துப் படித்தவன் நான், துண்டறிக்கை எழுதி வளர்ந்தவன். வரிசை குழம்பினால் கோரிக்கை செத்தது என்பது எங்கள் பாடம். முதல் அநியாயம்: பம்பாய்ப் பக்கம் அம்பர்நாத்தில் நான் வேலை பார்த்த தொழிற்சாலை கேட்டில் ஒரு காலையில் பூட்டுத் தொங்கியது. இரண்டாவது: அந்தப் பூட்டை எதிர்த்து நாங்கள் வெளியே கோஷம் போட்டுக்கொண்டிருந்தபோது, எங்கள் சங்கத் தலைவர்கள் உள்ளே உட்கார்ந்து டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். மூன்றாவது: துண்டறிக்கை தயாரிக்க நான் முட்டி மோதிக் கற்றுக்கொண்ட கம்ப்யூட்டரை, சங்கத்து அறையோடு சேர்த்து அதே தலைவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கற்றதை மட்டும் அவர்களால் எடுக்க முடியவில்லை. நான்காவது: அந்தப் படிப்பை வைத்து நான் வீடு வீடாகப் போய் நெட்வொர்க் சரி செய்துகொண்டிருந்தபோது, ஏதோ ஓர் அப்டேட் வந்து, கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த பழைய பாஷையை யாரையும் கேட்காமல் நிறுத்திவிட்டது. பேச்சுவார்த்தை இல்லை, முன்னறிவிப்பு இல்லை. எங்கள் முதலாளிகூட கேட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டினான்.

ஐந்தாவது அநியாயம் எனக்கு நடந்ததல்ல, தாராவியில் பேச்சியம்மாளுக்கு நடந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நடுவில் வேறு சில வீடுகளும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். சொந்த வீட்டில், சொந்தக் கம்ப்யூட்டரிடம் ‘உனக்கு அனுமதி இல்லை’ என்று பேச்சு வாங்கிய எல்லோரும் நம் கட்சிதான்.

வாயில் வராத பெயர்

பேச்சியம்மாளுக்கு தாராவியில் கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. கீழே கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் ஓடும். பள்ளிக்கூட பேட்ஜ், ஜாக்கெட்டுக்கு மயில், மாங்காய் எல்லாம் அதில் விழும். டிசைன் வரைவது பேச்சியம்மாள், மேலே லேப்டாப்பில். வரைந்ததெல்லாம் கீழே இருக்கிற பெரிய கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் சேரும். அங்கிருந்துதான் மெஷினுக்குப் போகும். புருஷன் போன மழைக்காலத்தில் இறந்துபோனார். பக்கத்து அறையில் அவருடைய தம்பி முருகேசன். அவருக்கும் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மெஷின். எல்லோருக்கும் ஒரே வைஃபை, ஒரே ஃபோல்டர்.

போன் வந்தது. “அண்ணாச்சி, மேல இருந்து பாத்தா கீழ உள்ள கம்ப்யூட்டரக் காணல.” நான்காவது அநியாயத்தின் வேலை. அட்ரஸ் பட்டையில் இரண்டு சாய்ந்த கோடு போட்டு, கம்ப்யூட்டரின் பெயரை அடிக்கச் சொன்னேன். அடித்தும் வரவில்லை என்றார். என்ன பெயர் அடித்தீர்கள், வாசியுங்கள் என்றேன். போனில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது: கம்ப்யூட்டருக்குப் புருஷன் பெயரை வைத்திருக்கிறார்கள். எழுதத் தடையில்லை, வாயால் சொல்லத்தான் தடை. போய்ச் சேர்ந்த பிறகும் தடைதான். அந்த நெட்வொர்க்கை அமைத்தது நான் இல்லை, எனக்கும் அந்த மனிதரின் பெயர் தெரியாது.

“திருச்செந்தூர்ல நிக்காரே, அவரு பேரு” என்றார்.

“முருகனா?”

“ஐயோ, அது கொழுந்தன் பேருல்லா. அதே சாமிதான். மொகத்த எண்ணுங்க.”

“ஆறுமுகமா?”

“கிட்ட வந்துட்டிய. அதையே கொஞ்சம் கௌரவமாச் சொல்லுங்க. பின்னால, அவரு கையில வச்சிருக்கதையும் சேத்துக்கிடுங்க.”

“சண்முகவேல்!”

“சொன்னது நீங்கதான், நான் இல்ல. சாமி சாட்சி.”

பெயரில் தப்பே இல்லை. முன்னால் போட வேண்டிய கோடுகளை மறுபக்கம் சாய்த்துப் போட்டிருந்தார். சாய்வை மாற்றியதும் ஃபோல்டர் திறந்தது. சந்தோஷமாகப் போனை வைத்தேன். டீ ஆறுவதற்குள் மறுபடி போன். பள்ளிக்கூட பேட்ஜில் நூல் கலரை மாற்றி சேவ் செய்தால், அனுமதி இல்லை என்கிறதாம். பேட்ஜ் திருத்தாவிட்டால் மெஷின் ஓடாது. மெஷின் ஓடாவிட்டால் ஆர்டர் சுவருக்கு அந்தப் பக்கம், முருகேசன் அறைக்குப் போய்விடும். ஏற்கெனவே அப்படி சில போய்விட்டன என்றார். எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லி வந்தவருக்கு, கடைசி வரியில்தான் குரல் உயர்ந்தது: “பாக்கலாமாம், தொடக் கூடாதாம். நான் வரஞ்ச மயிலு அண்ணாச்சி அது!”

எல்லோரும் என்றால் யார்

நேரில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் மாட்டுங்காவில் ஒருவருக்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்தேன். பாலக்காட்டுக் குடும்பம், அவர் ரிட்டயர் ஆன ஹெட் கிளார்க். எங்கள் மனுக்களைப் ‘பரிசீலனையில்’ வைத்தே மஞ்சளாக்கிய இனம். இருந்தாலும் காபி நல்ல காபி.

வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர். குடும்பப் போட்டோ எல்லாம் ஒரு ஃபோல்டரில். அந்த ஃபோல்டர் மாமிக்கும் திறக்கவில்லை, மாமாவுக்கும் திறக்கவில்லை. “நான் எல்லாம் முறைப்படித்தான் பண்ணியிருக்கேன்” என்று நின்றுகொண்டே அறிக்கை கொடுத்தார் மாமா. “வெளியாள் யாரும் பாக்கப்படாதுன்னு ஒரு டிக் போட்டேன். வேற ஒண்ணும் தொடலை.” அடுக்களையிலிருந்து மாமி, “அந்த டிக்கை எங்க போட்டார்னு கேளுங்கோ. அறுபதாம் கல்யாணத்து போட்டோ ஒண்ணைக் கண்ணால பாக்க முடியலை” என்றார்.

பார்த்தேன். ‘எல்லோரும்’ என்ற வரிக்கு நேராக ‘மறு’ என்பதில் டிக். அனுமதியும் மறுப்பும் மோதினால் மறுப்புதான் ஜெயிக்கும், கம்ப்யூட்டரிலும் அப்படித்தான், எல்லோரையும் மறுத்தால் அதில் நீங்களும் அடக்கம் என்று விளக்கினேன். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். உண்மையான குழப்பம் அது, நடிப்பில்லை.

“எல்லாரும்னா மத்தவாதானே? நான் எப்படி எல்லாரும் ஆவேன்?”

செம்பூரில் ஓர் ‘இல்லை’

செம்பூரில் கல்பனாவும் அவர் கணவரும் ஒரே ஹாலில், ஒரே மேஜையின் இரண்டு முனைகளில் உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்ப்பவர்கள். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரு ஃபைல் போக வேண்டுமென்றால் ஈமெயிலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அது எந்தெந்தக் கடலைச் சுற்றி வந்ததோ, எட்டிக் கை நீட்டினால் தொடும் தூரத்தில் வந்து சேர்ந்தது. புதிய வைஃபை போட்டதிலிருந்து இப்படி என்றார்கள்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. புதிய வைஃபையில் சேரும்போது கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்கும்: இங்கே உள்ள மற்ற கம்ப்யூட்டர்கள் உன்னைப் பார்க்கலாமா? இருவருமே இல்லை என்று அமுக்கியிருக்கிறார்கள், ஒருவரை ஒருவர் கேட்காமலே. தம்பதிகளுக்குள் இவ்வளவு ஒற்றுமையை நான் கண்டதில்லை. ஏன் அப்படி அமுக்கினீர்கள் என்று கல்பனாவைக் கொஞ்சம் கண்டிப்பாகவே கேட்டேன். அவர் சொன்ன பதிலைக் கேட்டுக் கண்டிப்பைக் கைவிட்டேன். லாக்கப்பில் போலீஸ் கேட்டபோதெல்லாம் நானும் அதே கொள்கையில்தான் இருந்திருக்கிறேன்.

“முன்னே பின்னே தெரியாதவன் வந்து ‘உங்க வீட்டுக்குள்ள மத்தவங்க எட்டிப் பாக்கலாமா’ன்னு கேட்டா, பம்பாயில எவனாவது ஆமான்னு சொல்வானா அங்கிள்?”

பூட்டில்லாத கதவு

அங்கிருந்து ஆண்டாப் ஹில். கீழே மளிகைக் கடை, மேலே வீடு. கடைக்கார அண்ணாச்சி தூத்துக்குடிப் பக்கம். கடைக் கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டே வைக்கவில்லை. யார் வந்தாலும் பட்டனை அமுக்கினால் திறக்கும். ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து கடைக்குள் நுழையப் போனால் பாஸ்வேர்டு கேட்கிறது, வெறுமனே விட்டால் வெளியே தள்ளுகிறது. பாஸ்வேர்டு இல்லாத கணக்கை நேரில் வருபவனுக்குத் திறப்பார்கள், கம்பி வழியாக வருபவனுக்குத் திறக்க மாட்டார்கள், அது சட்டம் என்றேன். அண்ணாச்சி வெல்லம் நிறுத்துக்கொண்டே கேட்டார்: “பூட்டே போடாத கதவுக்கு எந்தக் கோட்டிக்காரன்வே சாவி கேக்கான்?”

நிறுத்தி ஓட்டு

ஒருவழியாகத் தாராவிக்குப் போனேன். எனக்கு முன்பே சாவந்த் வந்து உட்கார்ந்திருந்தான். அந்தச் சந்துக்கெல்லாம் வைஃபை கேபிள் இழுத்தவன், மராத்திக்காரன், நல்லவன். அவனிடம் இருப்பது ஒரே மருந்து. “பந்த் கர்கே சாலூ கரோ, நேதா” என்பான், என்னைத் தலைவரே என்று விளித்து. நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டு. அம்பர்நாத்தில் நாங்களும் ஒருமுறை நிறுத்தினோம், மறுபடி ஓடவில்லை என்று ஒவ்வொரு முறையும் அவனுக்குச் சொல்வேன். ஒவ்வொரு முறையும் அவன் சிரிப்பான். முருகேசனுக்கு சாவந்தின் வைத்தியம் பிடித்திருந்தது. “நெட்டுலதான் கோளாறு அண்ணாச்சி. மதினிக்கு இது வெளங்காது” என்றார், வாசலை அடைத்து நின்றுகொண்டு.

கீழே இருந்த பெரிய கம்ப்யூட்டரில் ஃபோல்டரின் அனுமதிப் பக்கத்தைத் திறந்தேன். இரண்டே வரி. முருகேசன்: எல்லாம் செய்யலாம். மற்றவர்கள்: பார்க்க மட்டும். ரவுட்டரை எத்தனை முறை நிறுத்தி ஓட்டினாலும் இது மாறாது. இதற்குப் பெயர் கோளாறு இல்லை. தொழிலாளியைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தி, தன் மெஷினைத் தானே எட்டிப் பார்க்க விடுவதற்கு எங்கள் காலத்தில் வேறு பெயர் இருந்தது. அதைத் தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் நான் அச்சடித்திருக்கிறேன். “கதவடைப்பு” என்றேன் முருகேசனைப் பார்த்து.

“அண்ணன் போன பெறவு ஒரு ஆள் பொறுப்பா இருக்கணும்லா? கண்டமானிக்கு அழிச்சிட்டா? அதுக்குத்தான் ஆள் வச்சு மாத்தினேன்” என்றார். பொய் சொல்கிற முகமில்லை. பொறுப்பு என்று நினைத்தே செய்திருக்கிறார். தலைவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். “திருத்தம் இருந்தா எங்கிட்டச் சொன்னா நான் செய்ய மாட்டனா?” என்றார். “சொல்லி ரெண்டு பேட்ஜு போயாச்சு தம்பி. ஒங்க மெஷின்லதான் ஓடுது” என்றார் பேச்சியம்மாள், கூர்மையாக இல்லாமல், வெயில் அடிக்கிறது என்பதுபோல.

முருகேசனுக்கு ஏதோ போன் வந்து வெளியே போனார். எனக்குக் கை பரபரத்தது. கம்ப்யூட்டர் திறந்தே கிடக்கிறது, அனுமதிப் பக்கம் கண் முன்னால் இருக்கிறது. இப்போதே மாற்றிவிடட்டுமா என்று மெதுவாகக் கேட்டேன். தலையாட்டுவார் என்றுதான் நினைத்தேன்.

“நான் இல்லாதப்ப அவன் மாத்துனான், அதையே நானும் செய்யவா? வேண்டாம் அண்ணாச்சி. அவன் நிக்கணும், ரெண்டு பேரு சாட்சி நிக்கணும். பெறவு மாத்துங்க.”

சாட்சிகள்

ஒரு சாட்சி சாவந்த். பாதி தமிழ் புரியும், மீதியை முகத்தில் படிப்பான். இன்னொரு சாட்சி எதிர்வீட்டு டெய்லர் அந்தோணி. மெஷினை நிறுத்திவிட்டு, கழுத்தில் அளவு டேப்போடு வந்து நின்றார். முருகேசன் வந்தார், பின்னால் அவர் மனைவி சொர்ணமும் வந்தார். சொர்ணம் பம்பாயிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழில் எழுத்துக் கூட்டிப் படிப்பவர், இங்கிலீஷில் சரளம்.

நான் வாயிற்கூட்டத்தில் பேசுவதுபோலக் கோரிக்கையைச் சொன்னேன். யாரையும் வெளியே தள்ளவில்லை. பேச்சியம்மாளுக்கு எல்லாம் செய்யும் உரிமை. முருகேசன் பார்க்கலாம், நகல் எடுத்துக்கொள்ளலாம், மாற்ற முடியாது. முருகேசன் தரையைப் பார்த்தார். அந்தோணி, “நியாயந்தானய்யா, வரையிறது யாரு?” என்றார். யாரும் மறுக்கவில்லை. மாற்றினேன். பேச்சியம்மாள் மேலே போய் பேட்ஜின் நூலை மாற்றி, “சேவ் ஆயிருச்சு!” என்று மாடியிலிருந்து கத்தினார். அதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் லேப்டாப்பை அணைத்துவிட்டு இறங்கி வந்து, பெரிய கம்ப்யூட்டரைக் காட்டி, “இன்னொண்ணு. இதுக்குப் பேரை மாத்தணும்” என்றார்.

முருகேசனுக்குச் சுருக்கென்றது. “அண்ணன் பேர அழிக்கியளா மதினி?”

“அழிக்கேனா? என் வாயில வராத பேரு தம்பி அது. ஒவ்வொரு தடவையும் அண்ணாச்சிகிட்ட விடுகதை போட்டுக்கிட்டிருக்கேன். அவரு பேரு எங்க இருக்கணுமோ அங்க இருக்கு. இது வேல செய்யுத சாமான்.”

என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டேன். இந்தத் தொழிலில் இந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில்கள் மூன்று வகை: சாமி, புருஷன், மகன். அந்தோணி ஒரு சாமியைச் சொன்னார், சாவந்த் இன்னொரு சாமியைச் சொன்னான். பேச்சியம்மாள் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, “என் பேரு” என்றார். அடித்தேன். கம்ப்யூட்டரை நிறுத்தி ஓட்டினேன். இப்போது உண்மையிலேயே அது தேவைப்பட்டது. சாவந்த் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

சங்கத் தேர்தலில் எனக்கு ஒரு கொள்கை உண்டு. முடிவை ஜெயித்தவன் வாசிக்கக் கூடாது, எதிர்த்தரப்பு வாசிக்க வேண்டும். அப்போதுதான் நாளைக்கு ‘நான் அறியேன்’ என்று சொல்ல முடியாது. எல்லோரையும் பக்கத்து அறைக்கு, முருகேசன் கம்ப்யூட்டர் முன்னால் கூட்டிப்போனேன். காணாமல் போயிருந்த நெட்வொர்க் பட்டியலை அவர் திரையில் திரும்ப வரவழைத்தேன். இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு பெயர், ஒன்றன் கீழ் ஒன்று. “வாசிங்க முருகேசன், இனி டிசைன் எங்க இருக்குன்னு சாட்சிக்குக் கேக்கட்டும்.”

முருகேசன் வாயைத் திறந்தார், மூடினார். காது சிவந்தது. “மதினி பேர நான் எப்படிய்யா சொல்லுவேன்?” என்று மனைவியை முன்னால் தள்ளினார். “நீ வாசி.”

சொர்ணம் குனிந்து முதல் வரியைப் பார்த்தார். ஓரகத்தியை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். அக்கா என்று மட்டுமே கூப்பிட்டுப் பழகியவர். பிறகு பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல உரக்க, தெளிவாக, முதல் பெயரை வாசித்தார். இரண்டாவது வரிக்கு வந்ததும் நின்றுவிட்டார். சாவந்த் பொறுப்பான சாட்சி, “ஆகே, பாபி?” என்று அடுத்த வரியைக் கேட்டான். சொர்ணம் புறங்கையால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பில் தோள் குலுங்கியது. இரண்டாவது வரியில் இருந்தது அவருடைய புருஷன் பெயர்.

“என் வாயில வர்றது அந்த ஒரு பேருதான் அண்ணாச்சி, அதையே வச்சுக்கோங்க!”

கேட்டுக்கு முன்னால் நின்று ஆயுசெல்லாம் தொண்டை கிழியக் கத்தியும் எதிர்த்தரப்பு வாயிலிருந்து ஒரு சொல் வாங்க முடியாத எனக்கு, கடைசியில் எதிர்த்தரப்பே இரண்டு சாட்சிகள் முன்னால் உரக்க வாசித்துக் கொடுத்தது ஒரே ஒரு பெயரைத்தான்: பேச்சியம்மாள்.